வடமொழி இலக்கியத்தில் நெற்றியணிகளை இனங்கண்டு படிக்கும் முறை

காளிதாசரின் குமாரசம்பவத்தில், பார்வதி தவம் செய்யும் இடத்திற்குப் பிரம்மசாரி வேடத்தில் சிவபெருமான் வருகிறார். வந்திருப்பவர் யாரென்று அறியாத தோழி, தன் தலைவி காதலால் பட்ட துயரத்தை அவரிடமே எடுத்துரைக்கிறாள். ஐந்தாம் சருக்கத்தின் 55ஆம் சுலோகத்தில் அவள் பார்வதியை 'லலாடிகாசந்தனதூஸராலகா' என்று குறிப்பிடுகிறாள். அகராதியைப் புரட்டினால் 'லலாடிகா' என்பதற்கு 'நெற்றியில் அணியும் அணி' என்ற பொருள் கிடைக்கும். உடனே நம் மனத்தில் பொன்னாலான நெற்றிச்சுட்டி தோன்றிவிடும். ஆனால் அந்தத் தொடர் சொல்வது, லலாடிகையின் சந்தனம் படிந்து முன்னெற்றிக் குழல்கள் சாம்பல் நிறமாயின என்பதாகும். தந்தையின் வீட்டில் காதல் வெம்மை தாளாமல் நெற்றியில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்து கூந்தலில் படிந்திருக்கிறது. பனி உறைந்த பாறையில் கிடந்தும் அவளுக்கு ஆறுதல் இல்லை. இங்கே லலாடிகை என்பது பூச்சு. அதைப் பொன் நகையாகக் கொண்டால் சுலோகத்தின் உயிரே போய்விடுகிறது.

வடமொழிக் காவியங்களை மூலத்திலோ உரையுடனோ படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், அவற்றைத் தமிழில் பெயர்க்க முற்படுபவர்களுக்கும் இத்தகைய இடங்கள் அடிக்கடி எதிர்ப்படும். திலகம், விசேஷகம், லலாடிகை, பத்ரபாச்யை, லலாமகம், சூடாமணி, பட்டம் என்று நெற்றியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சொற்கள் பல. இவற்றை இனங்காண்பதற்கு அகராதிப் பொருளைக் காட்டிலும் சுலோகத்துக்குள்ளேயே கிடக்கும் சான்றுகள்தாம் பெரிதும் உதவுகின்றன என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சான்றுகளை எப்படித் தேடுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள்

ஓர் அணியின் பெயரைக் கண்டவுடன், அது உடலின் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதைச் சுலோகத்திலிருந்தே உறுதி செய்துகொள்ள வேண்டும். நெற்றிக்கு வடமொழி நிகண்டான அமரகோசம் தரும் பெயர்கள் 'லலாடம், அலிகம், கோதி' என்னும் மூன்றாகும். காவியங்களில் இவற்றோடு 'பாலம்', 'நிடிலம்' ஆகியவையும் வரும். தலைக்கு 'சிரஸ்', 'மூர்தன்', 'மௌலி' என்பவையும், வகிட்டுக்கு 'ஸீமந்தம்' என்பதும், நெற்றியில் புரளும் குழலுக்கு 'அலகம்' என்பதும், உச்சி முடிக்கு 'சூடா', 'சிகா' என்பவையும் வழங்குகின்றன. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

தமிழ் எழுத்தில் அச்சான நூல்களை வைத்துப் படிப்பவர்கள் இங்கே கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நெற்றியைக் குறிக்கும் 'பாலம்' என்ற சொல்லின் முதலெழுத்து மூச்சொலியுடன் கூடிய 'ப'கரம். இளமையைக் குறிக்கும் 'பால' என்பதில் அந்த மூச்சொலி இல்லை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரியாக எழுதுகிறோம். ஆகவே 'பாலசந்த்ர' என்பது நெற்றியில் பிறை உடையவன் என்றும் பொருள்படலாம், இளம்பிறை என்றும் பொருள்படலாம். தேவநாகரி அல்லது கிரந்தப் பதிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். லலிதா சகஸ்ரநாமத்தின் 15ஆம் நாமம் இன்னொரு வகைச் சிக்கல். 'அஷ்டமீசந்த்ரவிப்ராஜதலிகஸ்தலசோபிதா' என்பதைச் சேர்த்துப் படித்துப் பழகியவர்கள் 'தலிக' என்றொரு சொல் இருப்பதாக எண்ணக்கூடும். 'விப்ராஜத்' என்பதோடு 'அலிக' சேர்ந்தபோது ஏற்பட்ட புணர்ச்சி அது. அஷ்டமி நிலவு போல் ஒளிரும் நெற்றியால் அழகு பெற்றவள் என்பதே பொருள்.

இடத்தை உறுதி செய்யாமல் படித்தால் நேரும் பிழைக்கு அசுவத்தாமனின் மணி சிறந்த எடுத்துக்காட்டு. அவன் நெற்றியில் பிறவியிலேயே மணி பதிந்திருந்தது என்று கதை சொல்பவர்கள் வழக்கமாகக் கூறுவார்கள். மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் அவனிடம் கேட்கப்படுவதோ 'சிரஸி', அதாவது தலையில், இருக்கும் மணி. பின்னர் திரௌபதியின் விருப்பப்படி யுதிஷ்டிரர் அந்த மணியைத் தம் தலையில் சூடுகிறார். நெற்றியைக் கவி சொல்ல விரும்பினால் அதற்குச் சொற்கள் இருந்தன. அவர் வேறு சொல்லை ஆண்டிருக்கும்போது நாம் அதை மதிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். திலகம் என்றாலே நெற்றி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வால்மீகி ராமாயணத்தின் சுந்தர காண்டத்தில், அனுமனிடம் அடையாளமாகச் சொல்லி அனுப்பும் நினைவுகளுள் ஒன்றாகச் சீதை இதைச் சொல்கிறாள்: தன் திலகம் அழிந்துபோனபோது ராமன் மனோசிலையால் வேறொரு திலகத்தை 'கண்டபார்ச்வே', அதாவது கன்னத்தின் பக்கத்தில், இட்டான். கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருப்பதால்தான் அது அடையாளமாகிறது. வழக்கமான இடத்தை விட்டுக் கன்னத்தில் இட்டது அந்த நினைவுக்குத் தனித்தன்மை தருகிறது. இதை 'நெற்றியில் பொட்டு வைத்தான்' என்று பெயர்ப்பவர் மூலத்தின் மிக நுண்ணிய ஒரு குறிப்பைத் தூக்கி எறிந்துவிடுகிறார்.

பிறகு பொருளைத் தேடுங்கள்

இடம் தெளிவான பிறகு, அந்த அணி எதனால் ஆனது என்று கேளுங்கள். பூச்சு, பூ, மணி, பொன் தகடு ஆகிய நான்கில் ஒன்றாக அது இருக்கும். இதைக் கண்டுபிடிக்க வினைச்சொல்லும் விளைவும் பெரிதும் துணைபுரிகின்றன. எழுதுதல், தீட்டுதல், இடுதல் என்ற பொருளில் வினை வந்தால் பெரும்பாலும் பூச்சு. வியர்வையால் கலைந்தது, அழிந்தது, கூந்தலில் படிந்தது என்றால் சந்தேகமே இல்லை. வண்டு மொய்த்தால் பூ. கதிர்கள் மேலெழுந்தால் மணி. கட்டினார்கள் என்றால் பட்டமாகவோ மாலையாகவோ இருக்கலாம்.

பூச்சுகளில் கோரோசனை (பசுவின் பித்தத்திலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறப் பொருள்), சந்தனம், கஸ்தூரி, குங்குமம், அரிதாரம், மனோசிலை ஆகியவை காவியங்களில் மிகுதியாக வருகின்றன. கஸ்தூரிக்கு 'ம்ருகமதம்', 'ம்ருகநாபி' என்ற பெயர்களும் உண்டு. அரிதாரம் மஞ்சள் நிறக் கனிமம். மனோசிலை சிவப்பு நிறக் கனிமம். இவற்றுள் தமிழ் வாசகர் தவறாமல் தடுமாறும் இடம் குங்குமம். இன்று நாம் குங்குமம் என்று அழைப்பது மஞ்சளிலிருந்து செய்யும் சிவப்புப் பொடி. வடமொழிக் காவியங்களின் குங்குமம் குங்குமப்பூ. அமரகோசம் அதற்குத் தரும் பெயர்களுள் 'காச்மீரஜன்ம', அதாவது காசுமீரத்தில் பிறந்தது, என்பதும் ஒன்று என்பதைப் பார்த்தாலே இது தெளிவாகும். ஆகவே குங்குமத் திலகம் என்று மூலத்தில் இருக்கும்போது, கோயில் வாசலில் கிடைக்கும் பொடியின் நிறத்தை மனத்தில் கொள்ளாமல், குங்குமப்பூவை இழைத்த குழம்பின் செம்பொன் நிறத்தையும் மணத்தையும் நினைக்க வேண்டும்.

பூச்சு எப்படி இடப்பட்டது என்பதை அருகிலிருந்து காட்டும் சுலோகங்கள் குமாரசம்பவத்தின் ஏழாம் சருக்கத்தில் உள்ளன. பார்வதியின் திருமணக் கோலம் முடியும் தறுவாயில் தாய் மேனை, ஈரமான அரிதாரத்தையும் மனோசிலையையும் 'அங்குலிப்யாம்' எடுக்கிறாள். அந்தச் சொல் இருமையில் நிற்கிறது: இரண்டு விரல்கள், இரண்டு வண்ணங்கள். காதில் தந்தத் தோடு விளங்கும் மகளின் முகத்தை நிமிர்த்தி, திருமணத் தீட்சைக்குரிய திலகத்தை 'கதஞ்சித்', எப்படியோ ஒருவாறு, இடுகிறாள். அந்த 'எப்படியோ' என்ற சொல்லின் காரணம் அடுத்த சுலோகத்தில் விளங்குகிறது. கண்ணீர் மறைத்த பார்வையோடு அவள் மணக்காப்புக் கயிற்றையும் இடம் மாற்றிக் கட்டுகிறாள். செவிலித்தாய் விரல்களால் அதைச் சரியான இடத்திற்குத் தள்ளுகிறாள். இலக்கணத்தில் இருமை என்றொன்று இருப்பதைச் சுமையாக எண்ணும் மாணவர்களுக்கு இந்தச் சுலோகத்தைத்தான் நான் காட்ட விரும்புவேன். தமிழில் 'விரல்களால்' என்று பொதுவாகப் பெயர்த்தால் அந்த இரு வண்ணங்களும் தாயின் இரு விரல்களில் நிற்பது தெரியாமல் போகிறது.

அதே சருக்கத்தில் மணமகனின் கோலமும் வருகிறது. சிவனுக்கு யாரும் திலகமிடவில்லை. நெற்றியின் நடுவில் மஞ்சள் செறிந்த கருமணியோடு ஒளிரும் கண்ணே அரிதாரத் திலகமாக மாறிக்கொண்டது என்கிறார் கவி. இரண்டு சுலோகங்கள் தள்ளி, பகலிலும் ஒளிவீசும் களங்கமற்ற பிறை முடியில் இருக்கும்போது அவருக்குச் சூடாமணி எதற்கு என்று கேட்கிறார். நெற்றிக்குத் திலகம், முடிக்குச் சூடாமணி என்ற இடப் பகுப்பு காளிதாசரின் மனத்தில் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்கு இந்த இரண்டு சுலோகங்களே போதும்.

பூவைப் பொறுத்தவரை, திலகம் என்பது ஒரு மரத்தின் பெயருமாகும் என்பதை மறக்கக் கூடாது. ரகுவம்சத்தின் ஒன்பதாம் சருக்கத்தில் வசந்த வருணனையில் 'திலகஸ்திலக:' என்று இரண்டு முறை அடுத்தடுத்து வருவது அச்சுப்பிழையன்று. ஒன்று மரம், மற்றொன்று நெற்றித் திலகம். பெண்ணைத் திலகம் அழகு செய்வது போல வனத்தைத் திலக மரம் அழகு செய்தது என்பது கருத்து. பூங்கொத்துகளின் மீது விழும் வண்டுகள் அங்கே மைத்துளிகளாகச் சொல்லப்படுகின்றன. குமாரசம்பவத்தின் மூன்றாம் சருக்கத்திலும், மாளவிகாக்னிமித்திரத்தின் மூன்றாம் அங்கத்திலும் இதே கவி திலகப் பூவில் அமர்ந்த வண்டை மையாகவே காண்கிறார். ஒரே கவி மூன்று நூல்களில் திலகத்தோடு மையைச் சேர்த்துச் சொல்வதைப் பார்க்கும்போது, அவர் கண்ட திலகங்களில் வண்ணப் பொட்டைச் சுற்றி மைப்புள்ளிகளும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாளவிகாக்னிமித்திரத்தின் அந்தச் சுலோகம் இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்கத்தக்கது. அமரகோசம் 'தமாலபத்ரம், திலகம், சித்ரகம், விசேஷகம்' என்று நான்கையும் ஒரே பொருள் உடையனவாகச் சொல்கிறது. ஆனால் காளிதாசர் அந்த ஒரே சுலோகத்தில், கருமையும் வெண்மையும் செம்மையும் கலந்த குரவகப் பூ மகளிரின் விசேஷகத்தை வென்றது என்றும், திலகப் பூ அவர்களின் திலகத்தை வென்றது என்றும் தனித்தனியாகச் சொல்கிறார். இரண்டும் ஒன்றானால் இரண்டு பூக்களுக்கு வேலையில்லை. விசேஷகம் இங்கே பல வண்ணங்களால் முகத்தில் தீட்டும் கோலம். திலகம் நெற்றிப் பொட்டு. நிகண்டு ஒரே பொருள் என்று சொல்லியிருந்தாலும் கவி வேறுபடுத்தும்போது கவியின் பக்கமே நிற்க வேண்டும்.

பூமாலையும் நெற்றிக்கு வருவதுண்டு. கூந்தலின் நடுவில் வைப்பது 'கர்பகம்', பின்னால் சிகையிலிருந்து தொங்குவது 'ப்ரப்ரஷ்டகம்', முன்புறம் நெற்றியின்மேல் வைப்பது 'லலாமகம்' என்று அமரகோசம் மாலைகளை வகுக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இவை மூன்றையும் 'மாலை' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவதை அடிக்கடி காணலாம்.

இலக்கணத்தையும் நிகண்டையும் பயன்படுத்தும் விதம்

லலாடிகை என்ற சொல் பூச்சையும் நகையையும் குறிப்பதற்கான விடை வடமொழி இலக்கண ஆசிரியரான பாணினியிடம் உள்ளது. அவருடைய இலக்கண நூலான அஷ்டாத்யாயியின் 4.3.65ஆம் சூத்திரம் 'கர்ணலலாடாத் கன் அலங்காரே' என்பது. காது, நெற்றி ஆகிய சொற்களின் பின், அங்கே இருக்கும் அணி என்ற பொருளில், 'கன்' என்னும் விகுதி வரும் என்கிறது அது. அப்படிப் பிறந்தவையே கர்ணிகை, லலாடிகை. அணியல்லாத வேறொன்று நெற்றியில் இருந்தால் 'லலாட்யம்' என்றுதான் ஆகும் என்று அந்நூலுக்கான காசிகை உரை வேறுபடுத்திக் காட்டுகிறது. ஆகவே லலாடிகை என்ற சொல்லே நெற்றிக்கு அழகு சேர்ப்பது எதுவோ அது என்ற அளவில் நிற்கிறது. பொன்னா சந்தனமா என்பதை அது சொல்வதில்லை. குமாரசம்பவ உரையில் மல்லிநாதர் இந்தச் சூத்திரத்தை எடுத்துக்காட்டி, அங்கே லலாடிகை திலகமே என்று பொருள் உரைப்பது இதனால்தான். உரையாசிரியர் ஒரு சூத்திரத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், அந்தச் சூத்திரத்தைத் தேடிப் படித்துவிட்டு மேலே செல்வது நல்ல பழக்கம்.

அமரகோசத்தைப் பார்க்கும்போது தனிச் சொல்லை மட்டும் பார்க்காமல் அது நிற்கும் வரிசையையும் பாருங்கள். இரண்டாம் காண்டத்தின் மனுஷ்ய வர்க்கத்தில் அணிகள் தலையிலிருந்து கீழ்நோக்கிச் செல்கின்றன: முடி, சூடாமணி, பின்பு மயிரைச் சேர்ந்த 'வாலபாச்யை, பாரிதத்யை', அதன்பின் 'பத்ரபாச்யை, லலாடிகை', அடுத்துக் காதணிகள், அப்புறம் கழுத்தணிகள். இடையில் மாலையின் நடுமணியான 'தரலம்' மட்டும் மணி என்ற உறவால் சூடாமணிக்கு அருகில் வந்து நிற்கிறது. இங்கே கூந்தலுக்கும் காதுக்கும் நடுவே நகை வரிசையில் நிற்பதால், பத்ரபாச்யையோடு சேர்த்துச் சொல்லப்படும் லலாடிகை இவ்விடத்தில் கோத்து அணியும் நெற்றி நகை என்பது விளங்குகிறது. அதே நூலில் திலகமும் விசேஷகமும் பல சுலோகங்கள் தள்ளிப் பூச்சு வகைகளோடு வருகின்றன. வரிசையிலேயே பொருள் இருக்கிறது.

இன்னொன்று: இதே பகுதியில் வரும் 'லலந்திகை' என்ற சொல்லை லலாடிகை என்று எண்ணி மயங்க வேண்டாம். அது கழுத்திலிருந்து நீண்டு தொங்கும் அணி. நெற்றிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நாட்டிய சாத்திரம் வேறு வகையில் உதவும். அணிகளைப் பூட்டும் முறையை வைத்துப் பரதர் அவற்றைத் துளையிட்டு அணிபவை, கட்டுபவை, நுழைத்து அணிபவை, மேலே சாத்துபவை என்று நான்காகப் பிரிக்கிறார். மகளிரின் தலையணிகளாகச் சூடாமணி, மகரிகை, முத்துவலை முதலியவற்றைச் சொன்னபின், நெற்றித் திலகம் பலவகைக் கைத்திறனோடு அமைய வேண்டும் என்றும், புருவத்துக்கு மேல் வரும் கொத்து பூவைப் போன்று இருக்க வேண்டும் என்றும் குறிப்பிடுகிறார். மேடைக்காகச் சொன்னதானாலும், பிற்காலச் சிற்பத்தையும் காவியத்தையும் படிக்க இது நம்பகமான துணை.

மகரிகையைக் கண்டவுடன் தமிழ் வாசகருக்குத் திருமுருகாற்றுப்படை நினைவுக்கு வர வேண்டும். 'திலகம் தைஇய தேங்கமழ் திருநுதல், மகரப் பகுவாய் தாழ மண்ணுறுத்து' என்று சூரரமகளிர் என்னும் தெய்வப் பெண்களை நக்கீரர் வருணிக்கிறார். சுறாவின் திறந்த வாய் வடிவிலான அணி நெற்றியை நோக்கித் தாழ, அங்கே திலகமும் இருக்கிறது. அதற்கு முந்தைய அடியின் 'தெய்வ உத்தி', 'வலம்புரி' ஆகிய தலையணிகள், சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் கோலத்தில் தொய்யகம், புல்லகம் ஆகியவற்றோடு மீண்டும் வருகின்றன. வடமொழியின் நெற்றியணிகளைப் படிக்கும்போது இந்த அடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், மொழிபெயர்ப்புக்குப் பழந்தமிழ்ச் சொற்களே கைகொடுக்கும்.

மணியும் பொன்னும்

நெற்றியில் தொங்கும் நகையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் பகுதி வேண்டுமென்றால் பாணபட்டரின் ஹர்ஷசரிதத்திற்குச் செல்லுங்கள். 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் இருந்த பாணர், முதல் உச்சுவாசத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், மாலதி என்ற பெண்ணின் வருகையை மிக விரிவாக வருணிக்கிறார். அவள் அணிந்திருப்பது 'சடுலாதிலகமணி'. அதற்கு அவர் தரும் இரண்டு அடைமொழிகள் போதும்: நெற்றியில் நடனமாடுவது, வகிட்டை முத்தமிடுவது. ஆடுவதால் அது தொங்கும் அணி. வகிட்டைத் தொடுவதால் அதன் மேல்முனை கூந்தல் பிரியும் இடத்தில் பொருந்தியிருக்கிறது. மேலெழும் கதிர்கள் சிவந்த ஆடையால் தலையை முக்காடிட்டது போல் இருந்தன என்று அவர் தொடர்வதால், மணி சிவப்பு நிறத்தது என்பதும் தெரிகிறது. திலகம் என்ற சொல் பெயரில் இருந்தும் இது பூச்சன்று. நம் வீட்டுப் பெண்கள் மணக்கோலத்திலும் பரதநாட்டிய மேடையிலும் அணியும் நெற்றிச்சுட்டிக்கு மிக நெருக்கமான உறவு. இந்தப் பகுதியைப் பெயர்க்கும்போது 'நெற்றிச்சுட்டி' என்ற சொல்லைத் தயக்கமின்றி ஆளலாம்.

சூடாமணியை அப்படி ஆளக் கூடாது. சுந்தர காண்டத்தில் சீதை தன் ஆடையில் முடிந்து வைத்திருந்த சூடாமணியை அவிழ்த்து அனுமனிடம் தருகிறாள். கம்பராமாயணத்திலும் சூடாமணிப் படலம் என்றே ஒரு படலம் உண்டு. திரும்பி வந்த அனுமனிடமிருந்து மணியைப் பெற்ற ராமன், மணக்காலத்தில் அது அவள் 'மூர்த்னி', தலையில், கட்டப்பட்டு ஒளிர்ந்ததை நினைவுகூர்கிறான். ஆகவே அது உச்சியணி. வால்மீகி இன்னொரு குறிப்பையும் தருகிறார். அனுமன் அதைத் தன் விரலில் கோத்துக்கொண்டான். கை அதற்குள் நுழையவில்லை. அப்படியானால் அது வெறும் கல்லாக இருக்க முடியாது, கூந்தலில் பொருத்துவதற்கான வளைவு கொண்ட அணி என்று கொள்வதே பொருத்தம்.

பொன் தகடான பட்டத்துக்கு அளவுகளோடு கூடிய சான்று கிடைக்கிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் பட்ட இலக்கணத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அரசனின் பட்டம் நடுவில் 8 அங்குல அகலம், பட்டத்தரசிக்கு 7, இளவரசனுக்கு 6, சேனாபதிக்கு 4, அரசன் அருளால் அளிக்கும் பிரசாத பட்டத்துக்கு 2. எல்லாவற்றுக்கும் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு. ஓரங்களில் அகலம் நடுவிலிருப்பதில் பாதி. செய்பொருள் தூய பொன். அரசனுடையதற்கு 5 சிகைகள் (மேலெழும் முனைகள்), அரசிக்கும் இளவரசனுக்கும் 3, சேனாபதிக்கு 1, பிரசாத பட்டத்துக்குச் சிகையே இல்லை. இங்கே அங்குலம் என்பது விரலின் அகலம். இன்றைய அடிக்கோலின் அங்குலமாக எண்ணினால் பட்டம் நெற்றியை மீறிவிடும். காவியத்தில் ஒருவருக்குப் பட்டம் கட்டினார்கள் என்று வந்தால், நெற்றியில் கட்டிய இந்தப் பொன் தகட்டை முதலில் நினையுங்கள். பட்டத்து இளவரசன் என்றும் பட்டத்தரசி என்றும் நாம் இன்றும் சொல்வது இதன் தொடர்ச்சியே. கவி சிகைகளின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டால், அணிந்தவரின் பதவியை அதிலிருந்து ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

நகையே இல்லாத இடங்கள்

சொல் அணியின் பெயராக இருந்தும், பேசப்படுவது நகையாக இல்லாத இடங்கள் ஏராளம். ரகுகுல திலகன் என்றால் ரகு குலத்தில் சிறந்தவன். பாஸ்கராசாரியர் 1150இல் இயற்றிய வானியல் நூலின் பெயர் சித்தாந்த சிரோமணி. வசந்ததிலகா என்பது அடிக்கு 14 அசைகள் கொண்ட யாப்பு. சாகுந்தலத்தின் இரண்டாம் அங்கத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை 'ஆச்ரமலலாமபூதா' என்கிறான். ஆசிரமத்துக்கே அணியாக விளங்குபவள் என்பது பொருள். லலாமம் என்ற சொல்லுக்கு வால், நெற்றிக்குறி, குதிரையின் அணி, தலைமை, கொடி என்று அமரகோசம் பல பொருள்கள் தருவதால் இந்த இடம் பலரைக் குழப்புகிறது. அணிப்பெயருக்கு முன் குலமோ ஊரோ கூட்டமோ வந்து, 'பூத' போன்ற சொல் பின்னால் ஒட்டியிருந்தால், சிறப்புப் பொருளையே கொள்ளலாம்.

ஆனால் கவி இரண்டு பொருளையும் ஒன்றாகத் தொடுவதும் உண்டு. அங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் கீதகோவிந்தத்தில் கடைசிப் பாடலில் ராதை, தன் நெற்றியாகிய நிலவில் கஸ்தூரியால் திலகம் இடும்படி கண்ணனிடம் சொல்கிறாள். அது நிலவின் களங்கத்தைப் போல் அமையும் என்கிறார் ஜெயதேவர். நெற்றியில் வியர்வைத் துளிகள் அடங்கிவிட்டன என்ற அடைமொழியையும் அவர் சேர்த்திருக்கிறார். ஈரமான நெற்றியில் பூச்சு நிற்காது என்பது தெரிந்து எழுதியது அது. லலிதா சகஸ்ரநாமத்தின் 16ஆம் நாமம் 'முகசந்த்ரகலங்காபம்ருகநாபிவிசேஷகா' என்பதும் இதே உவமையைச் சொல்கிறது: முகமாகிய சந்திரனில் களங்கம் போல் விளங்கும் கஸ்தூரிப் பொட்டு உடையவள். நாள்தோறும் பாராயணம் செய்பவர்கள் 15, 16ஆம் நாமங்களை இணைத்துப் பார்த்தால், முதலில் நெற்றி அஷ்டமி நிலவாகி, அடுத்ததில் முகம் முழுநிலவாகி, அதில் கஸ்தூரி களங்கமாவது புலப்படும். இங்கே பொட்டின் நிறம் கருமை என்பது உவமையாலேயே உறுதியாகிறது. சிவந்த பொட்டாக அதைப் படத்தில் வரைபவர்கள் நாமத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தமிழில் பெயர்க்கும்போது

பெயர்ப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு நூலைத் தொடங்கும் முன்பே சொல் ஏடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஒவ்வொரு அணிப்பெயருக்கும் சருக்கம், சுலோக எண், அது இருக்கும் இடம், ஆன பொருள், உடன்வரும் வினை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு பொருளாக வந்தால் தமிழிலும் இரண்டு சொற்களை ஆளலாம். எல்லா இடத்திலும் ஒரே சொல் வேண்டும் என்ற கட்டாயம் இங்கே பொருந்தாது. பூச்சுக்குத் திலகம், பொட்டு. முகத்தில் தீட்டும் கோலத்துக்குத் தொய்யில் என்ற சொல் ஆசை காட்டும், ஆனால் அது தோளிலும் மார்பிலும் எழுதுவதால் விசேஷகத்துக்குப் பொருந்தாது, முகக்கோலம் என்பதே போதும். தொங்கும் மணிக்கு நெற்றிச்சுட்டி, தகட்டுக்கு நெற்றிப்பட்டம், உச்சியணிக்குச் சூடாமணி.

சிற்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். பீகாரின் தீதார்கஞ்சில் 1917இல் கிடைத்த யட்சியின் நெற்றியில், வகிட்டிலிருந்து இறங்கும் அணி தெளிவாகத் தெரிகிறது. அஜந்தா ஓவியப் பெண்களின் முன்னெற்றியிலும் இத்தகைய அணிகள் உண்டு. ஆனால் ஒப்பிடும்போது காலத்தையும் வட்டாரத்தையும் பொருத்திப் பாருங்கள். காளிதாசரின் சொல்லுக்குச் சோழர் காலச் செப்புத் திருமேனியின் நகையைச் சான்றாகக் காட்டுவதைவிட, அஜந்தாச் சுவரைக் காட்டுவது பொருத்தம். சுலோகமும் சிற்பமும் முரண்பட்டால், சிற்பத்துக்காகச் சுலோகத்தை வளைக்காமல், கவி எழுதிய இடப்பெயரையும் வினைச்சொல்லையும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.